டாங்கிக்கு முன்னே செல்லும் வண்டி யாருக்குச் சொந்தம்?

1971 டிசம்பர் 15-ம் தேதி இரவு. பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்து இந்தியக் காலாட்படை அக்கரையில் கால் ஊன்றியிருந்தது. எதிரி டாங்கிகள் திரண்டு வருவதாகச் செய்தி வந்தது. அவற்றை எதிர்கொள்ள 17-வது பூனா ஹார்ஸ் ரெஜிமெண்டின் டாங்கிகள் உடனே அக்கரை சேர வேண்டும். இடையில் பரந்து கிடந்தது கண்ணிவெடி வயல். அதில் பாதை வகுக்கும் பொறுப்பு, மதராஸ் சாப்பர்களைக் கொண்ட 9-வது பொறியாளர் ரெஜிமெண்டுக்கு. குண்டு மழைக்கு நடுவே, கைகளாலும் அன்றிருந்த சொற்பக் கருவிகளாலும் அவர்கள் வெடிகளை அகற்றிக் கொண்டிருந்தனர். வேலை முடியவில்லை. முடியும் வரை காத்திருக்கவும் நேரமில்லை. வெடிகள் முழுவதும் அகற்றப்படுமுன்னரே டாங்கிகளை வயலுக்குள் செலுத்த உத்தரவிட்டார் ரெஜிமெண்டின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஹனுத் சிங்.

டாங்கிகள் கடந்தன. மறுநாள் நடந்த சமரில் 21 வயது இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்ரபால் வீரமரணம் அடைந்து பரம்வீர் சக்ர விருது பெற்றதை நாடு அறியும். அந்த டாங்கிகளுக்குப் பாதை திறந்த பணியில் உயிர் நீத்து மகாவீர் சக்ர விருது பெற்ற 9-வது பொறியாளர் ரெஜிமெண்டின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரியின் பெயரை அறிந்தோர் குறைவு.

அன்றைய இரவின் துணிச்சல் பலித்தது. ஒவ்வொரு முறையும் பலிக்கும் என்று எந்த ராணுவமும் திட்டமிடுவதில்லை. டாங்கிகள் வந்து நின்ற பிறகு பாதை தேடும் நிலை வரக் கூடாது என்பதற்காகவே கவசப் பொறியாளர் வண்டிகள் உருவாயின. கண்ணிவெடியை உழுது புரட்டும் கலப்பை டாங்கி, முதுகில் பாலத்தைச் சுமந்து சென்று கிடங்கின் மீது விரிக்கும் டாங்கி, கரையைச் சரிக்கும் கவச டோசர், ஆற்றின் ஆழம் பார்க்கும் உளவு வண்டி என இவற்றில் பல வகை. கடந்த சில ஆண்டுகளில் இவற்றுக்காக மத்திய அரசு ஆயிரக்கணக்கான கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் செய்துள்ளது. இவற்றை யாரிடம் ஒப்படைப்பது, எந்தப் படைப்பிரிவின் கட்டளையில் வைப்பது, யாருடன் சேர்த்துப் பயிற்றுவிப்பது என்ற கேள்வி மட்டும் தில்லியில் அதிகம் பேசப்படுவதில்லை. விலைப் பேச்சு கேட்கும் நாடாளுமன்ற வளாகத்திலும் அது கேட்பதில்லை.

மூன்று வீடுகள்

ராணுவத்தின் படிநிலையை அறியாதவர்க்கு இச்சிக்கல் விளங்காது. 45 டாங்கிகள் கொண்டது ஒரு கவச ரெஜிமெண்ட். பல ரெஜிமெண்டுகள் சேர்ந்தால் பிரிகேட். பிரிகேடுகள் சேர்ந்தால் டிவிஷன். டிவிஷன்கள் சேர்ந்தால் கோர். எல்லை கடந்து தாக்குவதற்கென மதுரா, அம்பாலா, போபால் ஆகிய இடங்களைத் தலைமையிடமாகக் கொண்டு மூன்று தாக்குதல் கோர்கள் அமைக்கப்பட்டன. அவற்றுள் மதுராவில் உள்ள முதலாவது கோர் 2021-ல் சீன எல்லையை நோக்கித் திருப்பப்பட்டது.

பொறியாளர் படை தனியொரு படை. அதன் வீரர்களே சாப்பர்கள். பெங்களூரு, ரூர்க்கி, கட்கி ஆகிய மூன்று நகரங்களில் அதன் மூன்று பெரும் குழுமங்கள் உள்ளன. 1780-ல் தொடங்கிய மதராஸ் குழுமத்து வீரர்களை இன்றும் ராணுவத்தில் 'தம்பி' என்றே அழைக்கின்றனர். டாங்கிப் படையின் பயிற்சி மையம் மகாராஷ்டிரத்தின் அகில்யா நகரில் இருக்கிறது. முன்பு அகமத்நகர் என வழங்கிய ஊர் அது. பொறியாளர்களுக்கான ராணுவப் பொறியியல் கல்லூரி புணேயில். இரண்டு ஊர்களுக்கும் இடையே அதிக தூரமில்லை. இரண்டு படைகளின் மரபுகளுக்கும் இடையே உள்ள தூரம் சற்று அதிகம்.

இந்நிலையில், பாலம் சுமக்கும் ஒரு டாங்கிக்கு மூன்று வீடுகள் சாத்தியம். அது கவச ரெஜிமெண்டிலேயே, மற்ற டாங்கிகளோடு ஒன்றாக இருக்கலாம். டிவிஷனின் பொறியாளர் ரெஜிமெண்டில் இருந்து, தேவைப்படும்போது முன்னணிக்கு அனுப்பப்படலாம். அல்லது கோர் மட்டத்தில், பொறியாளர் பிரிகேடின் கையிருப்பில் மொத்தமாக வைக்கப்பட்டு, பெரிய ஆறோ கால்வாயோ கடக்கும் நாளில் ஓரிடத்தில் குவிக்கப்படலாம்.

டாங்கிப் படையினர் முதல் வழியையே விரும்புவர். ரெஜிமெண்டின் தலைவருக்கு முன்னால் திடீரென ஓர் அகழி எதிர்ப்பட்டால், மேலிடத்துக்குக் கேட்டு, அங்கிருந்து உத்தரவு பிறந்து, பின்னாலிருந்து வண்டி வந்து சேர்வதற்குள் எதிரியின் பீரங்கிகள் அவரது டாங்கிகளை எண்ணி முடித்துவிடும். கையெட்டும் தூரத்தில் உள்ள பாலம்தான் அவருக்குப் பாலம்.

சாப்பர்களின் வாதமும் எளிதில் தள்ளக் கூடியதன்று. டாங்கி ரெஜிமெண்டில் வைக்கப்படும் பொறியாளர் வண்டி, அமைதிக் காலத்தில் எவர் கவனத்திலும் இல்லாத வண்டியாகிவிடும். சுடும் பயிற்சிக்கு அது பயன்படாது. அணிவகுப்பில் பின்வரிசையில் நிற்கும். உதிரிப் பாகம் வந்தால் முதலில் டாங்கிக்குப் போகும். கிடங்கின் கரை எத்தனை டன் தாங்கும், எந்தக் கோணத்தில் பாலத்தை இறக்க வேண்டும் என்பதெல்லாம் பொறியியல் கண் கொண்டு பார்க்க வேண்டியவை. எல்லா ரெஜிமெண்டுக்கும் ஒன்றிரண்டு எனப் பங்கு வைத்தால், உண்மையில் தேவைப்படும் இடத்தில் போதுமான அளவு எவரிடமும் இராது என்பதும் அவர்கள் கூறும் கணக்கு.

கலப்பை சொல்லும் முடிவு

2020 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சகம் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம் இந்த வழக்கின் ஒரு பகுதிக்கு, வெளிப்படையாகச் சொல்லாமலே, தீர்ப்பு வழங்கியது. டி-90 டாங்கிகளில் பொருத்துவதற்காக 1,512 கண்ணிவெடிக் கலப்பைகளை, ஏறத்தாழ ரூ.557 கோடி செலவில், பொதுத் துறை நிறுவனமான பிஇஎம்எல்-லிடம் வாங்க முடிவாயிற்று. 2027-க்குள் இவை முழுவதும் படையில் சேர்க்கப்பட வேண்டும் என்பது அப்போது அறிவிக்கப்பட்ட திட்டம். ஒவ்வொரு டாங்கிக்கும் தனித்தே கண்ணிவெடி வயலைக் கடக்கும் திறனை இது அளிக்கும் என்று அமைச்சகம் விளக்கியது.

எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு கலப்பைகள் என்பது சில சிறப்பு வண்டிகளுக்கான கொள்முதலாக இருக்க முடியாது. வெடி அகற்றும் வேலையின் முதல் கட்டம் பொறியாளரிடமிருந்து டாங்கிக் குழுவினரின் கைக்கு மாறுகிறது என்பதே அதன் பொருள். சோவியத் ராணுவம் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே எடுத்த முடிவு இது. சாதாரணப் போர் டாங்கிகளிலேயே கலப்பையையும் உருளையையும் மாட்டி அனுப்புவது அவர்களது வழக்கம். டாங்கிகளை அங்கிருந்து பெற்ற இந்தியாவுக்கும் அந்தச் சிந்தனை புதிதல்ல.

எனினும், கலப்பையால் எல்லாம் முடிந்துவிடாது. இவ்வகைக் கலப்பைகள் பலவும் டாங்கியின் சங்கிலிப் பட்டைகளுக்கு முன்னுள்ள மண்ணைக் கிளறி, அதில் புதைந்துள்ள வெடிகளை ஓரம் தள்ளுபவை. டாங்கிகள் போகலாம். பின்னால் வரும் எரிபொருள் லாரியும் ஆம்புலன்சும் அதே தடத்தில் நம்பிக்கையோடு வர இயலாது. பாதையை அகலமாக்க வேண்டும். ஓரம் தள்ளப்பட்ட வெடிகளைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். இரவிலும் தெரியும்படி இருமருங்கும் அடையாளக் கொடிகளும் விளக்குகளும் நட வேண்டும். அது சாப்பரின் வேலை. டாங்கியின் பின்னாலேயே அவர் வர வேண்டுமாயின் அவருக்கும் அதே வேகமும் அதே கவசமும் வேண்டும். கலப்பையை டாங்கிக்குக் கொடுத்த பிறகும் பொறியாளர் முன்வரிசையை விட்டு நகர முடியாது என்பது, பட்ஜெட் கணக்கில் எளிதில் தெரியாத செலவு.

பகத் ஏறிய வண்டி

2021 டிசம்பர் 21-ம் தேதி புணேயில், பம்பாய் சாப்பர்களின் மையத்தில், அன்றைய ராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் எம்.எம்.நரவணே முன்னிலையில் கவசப் பொறியாளர் உளவு வண்டிகளின் முதல் தொகுதி படையில் சேர்க்கப்பட்டது. மொத்தம் வரவேண்டிய 53 வண்டிகளில் அவை 14. இயந்திரமயக் காலாட்படை பயன்படுத்தும் பிஎம்பி-2 வண்டியை அடிப்படையாகக் கொண்டு டிஆர்டிஓ வடிவமைத்தது. மேதக் தொழிற்சாலையில் உருவாகி, பாரத் எலெக்ட்ரானிக்ஸின் புணே பிரிவால் வழங்கப்பட்டது. நீரிலும் செல்லும். வீரர்கள் வெளியே இறங்காமலேயே நீரின் ஆழம், ஓட்டத்தின் வேகம், கரையின் உயரம், மண் தாங்கும் பளு ஆகியவற்றை அளந்து சொல்லும் கருவிகள் இதில் உள்ளன.

விழா அந்த வளாகத்தில் நடந்ததில் ஒரு பொருத்தம் இருந்தது. 80 ஆண்டுகளுக்கு முன், 1941-ன் தொடக்கத்தில், அபிசீனியாவில் பின்வாங்கிய இத்தாலியப் படையைத் துரத்திச் சென்ற இந்திய அணியின் முதல் கவச வண்டியில் இருந்தவர், பம்பாய் சாப்பர் படையின் இரண்டாம் லெப்டினன்ட் பிரேமீந்திர சிங் பகத். வயது 22. நான்கு நாட்கள், 55 மைல் தூரம், 15 கண்ணிவெடி வயல்கள். இரண்டு முறை அவரது வண்டி வெடியில் சிக்கிச் சிதைந்தது, உடனிருந்தவர்கள் பலியாயினர். செவிப்பறை கிழிந்த நிலையிலும் ஓய்வெடுக்க மறுத்து மேலும் முன்சென்றார். அதற்காக விக்டோரியா சிலுவை பெற்ற அவர் பின்னாளில் லெப்டினன்ட் ஜெனரல் ஆனார்.

வீரத்தைப் பேசுவோர் கவனிக்காமல் விடும் செய்தி ஒன்று இதில் உண்டு. பகத் பின்னாலிருந்து வரவழைக்கப்பட்டவரல்லர். அணி புறப்பட்டபோதே அதன் முதல் வண்டியில் அவருக்கு இடம் தரப்பட்டிருந்தது. சாப்பரின் வண்டி அணியின் அங்கமாக இருந்ததால்தான் 55 மைல் பாதை நான்கு நாட்களில் திறந்தது. இன்றைய 53 வண்டிகளும் பொறியாளர் படையின் உடைமை. பிஎம்பி-2 அடித்தளம் என்பதால் இயந்திரமயக் காலாட்படையின் பழுதுபார்ப்புக் கூடங்களே இதற்கும் உதவும். சொத்து ஒருவருடையது, உதிரிப் பாகம் மற்றவருடையது என்ற இந்த ஏற்பாடு நன்றாக நடக்கவும் கூடும். இருவரும் மற்றவரைக் கைகாட்டவும் கூடும்.

ஹோபர்ட்டின் தீர்வு

பிற நாடுகளும் இதே சிக்கலில் தவித்திருக்கின்றன. 1942 ஆகஸ்ட் 19-ம் தேதி பிரான்ஸின் தியெப் துறைமுகத்தில் கரையிறங்கிய கனடியப் படையின் டாங்கிகள் பல கூழாங்கல் கடற்கரையிலேயே சிக்கின. மேலே ஏறியவற்றையும் நகருக்குள் விடாமல் கான்கிரீட் தடைகள் மறித்தன. அவற்றைத் தகர்க்க வேண்டிய பொறியாளர்கள், கவசமின்றி வெட்டவெளியில் ஓடி வந்து மாண்டனர். கடலிறங்கிய சுமார் ஐயாயிரம் கனடியரில் 900-க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர்.

அதன் பின்னரே, மேஜர் ஜெனரல் பெர்சி ஹோபர்ட்டின் தலைமையில் பிரிட்டனின் 79-வது கவச டிவிஷன் சிறப்பு டாங்கிகளுக்கென்று மாற்றியமைக்கப்பட்டது. சங்கிலியால் தரையை அடித்து வெடிகளை வெடிக்கச் செய்யும் டாங்கி, மரக்கட்டைகளைச் சுமந்து பள்ளத்தில் போடும் டாங்கி, பாலம் இடும் டாங்கி ஆகிய அனைத்தும் ஒரே குடையின் கீழ் வந்தன. பார்த்தவர்கள் சிரித்தார்கள். 1944 ஜூனில் நார்மண்டியில் இறங்கியபோது சிரிப்பு அடங்கியது.

ஹோபர்ட்டின் வண்டிகளைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. அவற்றை அவர் எவ்வாறு நிர்வகித்தார் என்பதுதான் இங்கு முக்கியம். 79-வது டிவிஷன் ஒரு டிவிஷனாக ஒருபோதும் போரிடவில்லை. வண்டிகளும் வீரர்களும் ஒரே இடத்தில் பயிற்சி பெற்று, பழுது பார்க்கப்பட்டு, சிறு சிறு குழுக்களாக மற்ற டிவிஷன்களுக்கு இரவல் தரப்பட்டனர். இரவல் வாங்கும் தளபதிக்கு ஆலோசனை கூற, அந்த வண்டிகளின் இயல்பு அறிந்த அதிகாரி ஒருவரும் உடன் சென்றார். வண்டி முன்னணியில் இருக்கும். அதன் வேர் ஓரிடத்தில் இருக்கும். சாப்பர்களின் கவலைக்கும் டாங்கிப் படையின் அவசரத்துக்கும் ஒருசேர இடம் தந்த ஏற்பாடு அது. போர் முடிந்ததும் 1945-ல் அந்த டிவிஷன் கலைக்கப்பட்டது. அமைதிக் காலத்தில் அத்தகைய அமைப்பைத் தாங்கிப் பிடிக்க நிதியமைச்சகங்கள் விரும்புவதில்லை, எந்த நாட்டிலும்.

இரவல் ஏற்பாடு இல்லாமல், வண்டிகளை மட்டும் புதிய படைகளிடம் கொடுத்தால் என்னவாகும் என்பதற்கு 2023 ஜூனில் உக்ரைனில் ஒரு கசப்பான சாட்சி கிடைத்தது. ஜபோரிஜியா மாகாணத்தில் மாலா தொக்மச்கா கிராமத்துக்கு அருகே, மேற்கத்திய நாடுகள் அளித்த லெபர்ட் டாங்கிகளுடனும் பிராட்லி வண்டிகளுடனும் உக்ரைனிய பிரிகேடுகள் ரஷியக் கண்ணிவெடி வயல்களைத் துளைக்க முயன்றன. வழி திறக்கப் பின்லாந்து கொடுத்திருந்த லெபர்ட்-2ஆர் வண்டிகள் மொத்தம் ஆறு. அவற்றில் குறைந்தது மூன்று, அந்த ஒரே தாக்குதலில், ஒரே பாதையில், மற்ற வண்டிகளோடு நெருக்கியடித்துக் கிடந்து வீழ்ந்தன. ஒற்றைத் தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்ற வண்டிகளின் படங்களை உலகம் முழுவதும் பார்த்தது.

வண்டிகள் தரம் குறைந்தவையல்ல. அவற்றைப் பெற்ற பிரிகேடுகள் சில மாதங்களுக்கு முன் உருவானவை. எதிரியின் பீரங்கிகளை அடக்குதல், புகைத்திரை எழுப்புதல், பாதை திறத்தல், திறந்த பாதையில் டாங்கிகள் பாய்தல் ஆகிய நான்கும் நிமிடக் கணக்கில் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அதற்குச் சேர்ந்தே பல முறை ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். ஒன்று போனால் மற்றொன்று என மாற்று வண்டிகளும் வேண்டும். அதன் பிறகு பல இடங்களில் உக்ரைனியர் வண்டிகளை நிறுத்திவிட்டு, சாப்பர்களைச் சிறு குழுக்களாக நடத்தியே அனுப்பினர். ஏறக்குறைய 1971-க்குத் திரும்பியதைப் போல.

ஆவடியின் 47 பாலங்கள்

2025 ஜனவரியில் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிகாம் நிறுவனத்துடன் ரூ.1,560.52 கோடிக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. டி-72 டாங்கியின் அடித்தளத்தில் அமைந்த 47 பாலமிடும் டாங்கிகளை வாங்குவது அதன் நோக்கம். 20 அல்லது 22 மீட்டர் நீளப் பாலத்தை, கத்தரி விரிவதைப் போல விரித்து, கிடங்கின் இரு கரைகளிலும் படுக்க வைக்கும் வண்டி இது. இதை உருவாக்கியது ஆவடியிலேயே உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம். டாங்கிகள், கவச வண்டிகள் ஆகியவற்றின் அணிக்குள்ளேயே பாலம் இடும் திறனை இது தரும் என்பது அமைச்சகத்தின் அறிவிப்பு. 'அணிக்குள்ளேயே' என்ற சொல்லுக்கு இங்கே எடை அதிகம்.

இந்திய ராணுவத்தில் கவச ரெஜிமெண்டுகள் அறுபதுக்கும் மேல். ஏற்கெனவே சேவையில் உள்ள பாலமிடும் டாங்கிகளை விட்டுவிட்டு, புதிய 47-ஐ மட்டும் எடுத்துக்கொண்டால், ரெஜிமெண்டுக்கு ஒன்று கூட வராது. பஞ்சாப் எல்லையில் இருபுறமும் அகழியும் மேட்டுக்கரையும் மாறிமாறி அமைந்த தடுப்பு வரிசைகள் உள்ளன. அதற்கப்பால் லாகூரின் இச்சோகில் கால்வாய் போன்ற பெரிய நீர்த்தடைகள். 22 மீட்டர் பாலத்தால் அகழியைத் தாண்டலாம். பெருங்கால்வாயைத் தாண்ட முடியாது. அதற்கு லாரிகளில் வரும் 75 மீட்டர் சர்வத்ரா பாலமும், அதைப் போன்ற பிறவும் வேண்டும். 2021 ஜூலையில் தில்லி கண்டோன்மெண்டில் சேர்க்கப்பட்ட 12 குறும்பாலங்கள், 2023 பிப்ரவரியில் ரூ.2,585 கோடிக்கு ஒப்பந்தமான 41 மாடுலர் பாலத் தொகுதிகள் ஆகியன பின்வரிசைக்கானவை. முன்வரிசைப் பாலமும் பின்வரிசைப் பாலமும் ஒரே தாக்குதலில் அடுத்தடுத்து வர வேண்டியவை. ஆனால் வெவ்வேறு கட்டளைகளின் கீழ் வருபவை.

இன்னொரு நெருடலும் உண்டு. டி-72 டாங்கிகளுக்கு மாற்றாக எதிர்காலப் போர் வாகனம் எனும் புதிய டாங்கியை வாங்கப் பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சில் 2024 செப்டம்பர் 3-ம் தேதி கொள்கை அளவில் ஒப்புதல் அளித்தது. தாய் டாங்கி விடைபெறத் தொடங்கும் காலத்தில் அதன் அடித்தளத்தில் அமைந்த பால வண்டிகள் இளமையோடு இருக்கும். அப்போது அவற்றின் எஞ்சினுக்கும் சங்கிலிப் பட்டைக்கும் உதிரிப் பாகம் தேடி எந்தக் கிடங்குக்குச் செல்வது என்பதை இப்போதே எழுதி வைப்பது நல்லது. மறுபுறம், டி-72 நீண்ட காலம் நீடிக்கும் என்பதே பழைய டாங்கிகளின் வரலாறு. ஆகையால் இக்கவலை மிகையாகவும் இருக்கலாம்.

மலையில் வேறு கணக்கு

கிழக்கு லடாக்கில் 2020-ல் சீனப் படைகளுடன் மோதல் மூண்டபோது டாங்கிகள் விமானங்களில் ஏற்றி அனுப்பப்பட்டன. அவ்வாண்டு ஜூன் மாதம் கல்வான் ஆற்றின் மீது 60 மீட்டர் பாலத்தைப் பொறியாளர்கள் கட்டி முடித்தனர். ஆகஸ்ட் இறுதியில் கைலாஷ் மலைத்தொடரின் உயரங்களுக்கு டாங்கிகள் ஏறியது செய்தியாயிற்று. அதற்கு வேண்டிய தடங்களை வெட்டித் தரும் பணி செய்தியாகவில்லை.

2024 ஜூன் 28-ம் தேதி நள்ளிரவை ஒட்டி, ஷியோக் ஆற்றில், சாசர் பிராங்சா அருகே, பயிற்சி முடிந்து திரும்பிய டி-72 டாங்கி ஒன்று சிக்கியது. நீர்மட்டம் திடீரென உயர்ந்து, அதிலிருந்த ஐந்து வீரர்களும் உயிரிழந்தனர். பனி உருகும் காலத்தில் இமாலய ஆறுகள் மணிக்கு மணி மாறுபவை. காலையில் ஒருவர் அளந்த ஆழம் இரவில் பயன்படாது. ஆறு கடக்கும் ஒவ்வொரு நேரத்திலும் அளப்பதற்கான வண்டியோ கருவியோ, அதைப் படிக்கத் தெரிந்த சாப்பரோ அந்தச் சிறு அணியுடனேயே இருக்க வேண்டுமெனில், 53 வண்டிகள் எவ்வளவு தூரம் வரும்?

மலைக்கென உருவாக்கப்பட்டு 2024-ல் சோதனைக்கு வந்த 25 டன் எடையுள்ள ஜொராவர் இலகு டாங்கியுடன் எந்தப் பொறியாளர் வண்டி செல்லும் என்பதும் இதே வரிசைக் கேள்வி. டாங்கி இலகுவாகி, பாலம் சுமக்கும் வண்டி மட்டும் 40 டன்னுக்கு மேல் கனத்தால், மலைப்பாதையில் முன்னே செல்ல வேண்டியது பின்தங்கும்.

புதிய பிரிகேடுகளில் இடம் எங்கே?

2001 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் மீது நடந்த தாக்குதலையடுத்துப் படைகள் எல்லைக்கு நகர்த்தப்பட்டபோது, தாக்குதல் கோர்கள் ஆயத்தமாக ஏறத்தாழ மூன்று வாரங்கள் பிடித்தன. பெரிய கோருக்குப் பதிலாக, எல்லாப் பிரிவுகளும் அடங்கிய சிறிய போர்க் குழுக்கள் வேண்டும் என்ற சிந்தனை அந்த அனுபவத்தில் பிறந்தது. ஜெனரல் பிபின் ராவத் தலைமைத் தளபதியாக இருந்தபோது அது ஒருங்கிணைந்த போர்க் குழு என்ற வடிவம் பெற்றது. 2019 அக்டோபரில் அருணாசலப் பிரதேசத்தில் 'ஹிம்விஜய்' பயிற்சியில் சோதிக்கப்பட்டது. 2025 ஜூலை 26-ம் தேதி திராஸில் கார்கில் வெற்றி தினத்தன்று, ஜெனரல் உபேந்திர துவிவேதி 'ருத்ரா' பிரிகேடுகளை அறிவித்தார். காலாட்படை, இயந்திரமயக் காலாட்படை, டாங்கி, பீரங்கி, சிறப்புப் படை, ஆளில்லா விமானம் ஆகியவற்றை ஒரே பிரிகேடில் நிரந்தரமாகச் சேர்க்கும் திட்டம் இது. அப்போதே இரண்டு பிரிகேடுகள் மாற்றப்பட்டிருந்தன.

கவசப் பொறியாளர் வண்டிகளின் கணக்கு இங்கேதான் இறுகுகிறது. டிவிஷனின் பொறியாளர் ரெஜிமெண்டை நம்பியிருந்த பிரிகேட், இனித் தனித்தே புறப்பட வேண்டும் என்றால், அதனுடன் புறப்படும் சாப்பர் கம்பெனிக்குக் கலப்பை, பாலம், டோசர், உளவு வண்டி ஆகிய நான்கும் குறைந்தபட்ச அளவிலாவது வேண்டும். எல்லா பிரிகேடுக்கும் கொடுத்தால் கோர் மட்டத்தில் கையிருப்பு கரையும். கோரில் வைத்தால் பிரிகேட் மீண்டும் காத்திருக்கும். அமெரிக்க ராணுவம் இந்த ஊசலை இரு திசைகளிலும் ஆடிப் பார்த்துவிட்டது. கடந்த பத்தாண்டின் முற்பகுதியில் பொறியாளர் பட்டாலியன்களை பிரிகேடுகளுக்குள் கொண்டு சென்றது. பெரும்போருக்கான மறுசீரமைப்பில் அவற்றை மீண்டும் டிவிஷனிடம் ஒப்படைக்கத் திட்டமிட்டது.

நாடாளுமன்றத்தின் பாதுகாப்புத் துறைக்கான நிலைக் குழு ஆண்டுதோறும் மானியக் கோரிக்கைகளை ஆராய்கிறது. 2018-ல் பி.சி.கண்டூரி தலைமையிலான குழுவின் முன் சாட்சியம் அளித்த அன்றைய ராணுவத் துணைத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் சரத் சந்த், படையின் தளவாடங்களில் 68 சதவீதம் பழையவை, 24 சதவீதம் நடப்புக் காலத்தவை, 8 சதவீதம் மட்டுமே அதிநவீனமானவை என்று கூறியது அப்போது பரபரப்பை ஏற்படுத்தியது. இரு அவைகளிலும் உறுப்பினர்கள் எழுப்பும் கேள்விகள் பெரும்பாலும் அந்தத் தடத்திலேயே செல்கின்றன: எத்தனை வாங்கினீர்கள், எவ்வளவு செலவு, உள்நாட்டுப் பங்கு எவ்வளவு. வாங்கிய வண்டி எந்த அணியோடு எத்தனை நாள் பயிற்சி செய்தது என்று கேட்பது அரிது. போர்த் தந்திர ரகசியங்களை அவையில் கூற முடியாது என்பது நியாயமே. ராஜஸ்தானின் மகாஜன் துப்பாக்கிச் சூட்டுக் களத்திலோ உத்தரப் பிரதேசத்தின் பபினாவிலோ டாங்கிகளும் சாப்பர்களும் ஆண்டுக்கு எத்தனை முறை சேர்ந்து கண்ணிவெடி வயல் கடக்கின்றனர் என்ற கேள்வி அத்தகைய ரகசியமாகத் தோன்றவில்லை. குழுவின் மூடிய அறைக்குள் கேட்க அதற்கு எந்தத் தடையும் இல்லை.

ஆவடியில் 47 வண்டிகளுக்கான வேலை நடைபெற வேண்டிய காலம் இது. கலப்பைகளுக்குக் குறித்த கெடு 2027. ருத்ரா பிரிகேடுகளுக்கான ஆட்பலமும் தளவாட அட்டவணையும் வகுக்கப்படுகையில், சாப்பர் கம்பெனிக்கு எதிரே எத்தனை பாலம், எத்தனை கலப்பை என்று எழுதப்படும் எண்களே மேற்கண்ட ஒப்பந்தங்கள் அனைத்தின் பயனையும் நிர்ணயிக்கும். அந்த அட்டவணை தில்லியின் ராணுவத் தலைமையகத்தில் தயாராகி, அங்கேயே கையெழுத்தாகும்.